அரியர் பட்டியலும் பாட வரிசையும்

(கச்சிராயபாளையத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் பாடங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு முடிவு செய்யலாமா என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள். அப்படிக் கேட்கும் முறைக்குப் பெயர் டேட்டா மைனிங், தமிழில் தரவகழ்வு. குவிந்து கிடக்கும் பதிவுகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைத் தேடி எடுக்கும் வேலை அது.

வரிசை எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. உங்கள் கரும்பு என்று நட்டது, என்ன ரகம், நடவா மறுதாம்பா, எத்தனை ஏக்கர் என்று ஆலையில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவை வைத்துத்தான் வெட்டு உத்தரவு வருகிறது. வரிசை தப்பினால் கரும்பு பூத்துப் போகும், எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். பதிவேட்டை மட்டும் நம்பாமல் கரும்பு அலுவலர் வயலுக்கு வந்து பார்க்கவும் செய்கிறார். பதிவும் வேண்டும், வயலில் கால் வைத்துப் பார்ப்பதும் வேண்டும்.

பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகத்தில், ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு தாளை எந்தப் பருவத்தில் எழுதினார், எத்தனை முறை எழுதினார், என்ன மதிப்பெண் வாங்கினார் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருக்கிறது. மார்க்‌ஷீட் அச்சடிக்கவும் பட்டம் கொடுக்கவும் அதைப் பயன்படுத்துகிறோம். எந்த மாணவர் தோற்றார் என்று பார்க்கிறோம். எந்தப் பாடம் எந்த இடத்தில் வைக்கப்பட்டதால் தோற்றார் என்று அதனிடம் கேட்பதில்லை. அந்தப் பதிவேட்டை மாணவரை எடைபோடுவதற்கு வாசிப்பதை நிறுத்தி, பாடத்திட்டத்தை எடைபோடுவதற்கு வாசிக்க வேண்டும். நான் இன்று வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

பாட வரிசை இப்போது எப்படித்தான் அமைகிறது? பெரும்பாலும் வழக்கத்தால். ஒரு தலைமுறை படித்த வரிசையிலேயே அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். இது நேற்று வந்த பழக்கமல்ல. உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் தலபுராணமுமாக ஏராளமாகக் கற்றவர் அவர். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று கேட்டபோதுதான், தாம் கற்ற வரிசையில் அந்நூல்களுக்கு இடமே இல்லாதிருந்தது அவருக்கு உறைத்தது. அவ்வளவு பெரிய ஆசிரியர், அவ்வளவு பெரிய மாணவர். ஆனாலும் வரிசை தந்த எல்லைக்குள்தான் இருவரும் இருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்விதான் அதை உடைத்தது.

நம் காலத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, இங்கே உள்ள பெற்றோர் எல்லாருக்கும் தெரிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே எல்லாம் என்றிருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. மதிப்பெண் குவிந்தது. அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போய் முதல் பருவக் கணிதத்தில் சிக்கினார்கள். வகை நுண்கணிதத்தின் அடிப்படை பதினொன்றில் இருந்தது. அதைப் படிக்காமல் அதற்கு மேலுள்ள மாடியில் ஏறியவர்கள் அவர்கள். இதைத் தடுக்கவே 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு சுமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வு போனபின் பதினொன்று மறுபடி விழுங்கப்படுகிறதா என்பதை நாம் கண்காணிக்க வேண்டும். அதற்கான சான்று கல்லூரி முதல் பருவக் கணிதத் தாளின் முடிவுகளில்தான் முதலில் தெரியும். அதையும் அந்தப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

இப்போது கல்லூரிக்குள் வருவோம். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அலைடு பாடமும், பிறகு திறன் பாடங்கள் என்று ஆறு பருவத்துக்கும் அட்டவணை போட்டிருக்கிறது. 2023-24 முதல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டமும் பல இடங்களில் நடைமுறைக்கு வந்தது. அட்டவணையைப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதல் பருவத்தில் சி அல்லது பைத்தான், அடுத்து டேட்டா ஸ்ட்ரக்சர், அதற்கடுத்து ஜாவா, டேட்டாபேஸ் என்று போகும்.

ஆனால் மாணவர் நடந்துபோகும் வரிசை வேறு. இணைப்புக் கல்லூரிகளில் ஒரு தாளில் தோற்றாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம், அந்தத் தாள் அரியராக நிற்கும். ஆக, முதல் பருவ அலைடு கணிதத்தில் தோற்ற மாணவி, அந்தக் கணிதம் வேண்டியிருக்கும் மூன்றாம் பருவப் பாடத்தின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். கணிதத்தை ஐந்தாம் பருவத்தில் எழுதித் தேறுகிறாள். அட்டவணையின்படி கணிதம் முதலில், அவள் வாழ்க்கையின்படி அது கடைசியில். இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை. ஒரு துறையில் பத்து ஆண்டில் படித்தவர்களின் இந்த உண்மையான வரிசைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தால், அச்சிட்ட அட்டவணை எங்கெங்கே ஒடிகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கென்றே கணிப்பியலில் ஒரு பிரிவு வளர்ந்திருக்கிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் போன்றவர்கள் வளர்த்த செயல்முறை அகழ்வு அது. அலுவலகம் ஒன்றில் கோப்பு எப்படி நகர வேண்டும் என்று விதி சொல்கிறது, உண்மையில் எப்படி நகர்ந்தது என்று பதிவேடு சொல்கிறது. இரண்டையும் ஒப்பிடும் முறை. அதே பல்கலைக்கழகத்தில் அந்த முறையைப் பாடத்திட்டங்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

அதற்கும் முந்தைய வேர் 1990-களில் இருக்கிறது. ஐ.பி.எம். ஆய்வகத்தில் ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துச் சென்ற ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 1994-இல் வெளியிட்ட அப்ரியோரி என்ற வழிமுறையை இன்று உலகெங்கும் கணினி மாணவர்கள் படிக்கிறார்கள். கடையில் எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்று கண்டுபிடிக்க உருவானது. மறு ஆண்டே அவர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: எதற்குப் பின் எது நிகழ்கிறது? அதுதான் தொடர்முறை அகழ்வு. பாட வரிசைக்கு நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

அதன் உள்வேலையைச் சொல்கிறேன், கடினமானதல்ல. 6 பாடங்களை வரிசைப்படுத்த 720 வழிகள். 10 பாடங்கள் என்றால் 36,28,800 வழிகள். ஒரு பட்டப்படிப்பில் முப்பது, நாற்பது தாள். எல்லா வரிசையையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அகர்வாலும் ஸ்ரீகாந்தும் பிடித்த நுட்பம் என்னவென்றால், ஒரு சிறு தொடரே அரிதாக இருந்தால், அதை உள்ளடக்கிய நீண்ட தொடர் எதுவும் அதைவிட அதிகமாக இருக்க முடியாது. ஒரு தாளில் தோற்றவர்களே ஐந்து பேர்தான் என்றால், அந்தத் தாளில் தோற்று அதற்குப் பின் இன்னொன்றில் தோற்றவர்கள் ஐந்துக்கு மேல் எப்படி வருவார்கள்? அந்தக் கிளையை அப்படியே வெட்டிவிடலாம். வெட்ட வெட்ட, கோடிக்கணக்கான வரிசை சில நூறாகச் சுருங்கும். மிஞ்சியவற்றில் மூன்று கேள்வி. இந்தத் தொடர் எத்தனை பேரிடம் இருக்கிறது? முதலாவது நடந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவதும் நடந்தது? பொதுவாக எல்லாருக்கும் நடப்பதைவிட அது எவ்வளவு கூடுதல்?

இதில் நம் ஊர்ப் பதிவேட்டுக்கு வெளிநாட்டுப் பதிவேட்டுக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முன்பாடத்தில் தேறாதவர் அடுத்த பாடத்தில் பெயரே பதிய முடியாது. அதனால் அங்கே எல்லாரும் விதி சொன்ன வரிசையில்தான் போயிருப்பார்கள், வேறு வரிசையில் போனவருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் பதிவே கிடைக்காது. இங்கே அரியர் முறையால், கணிதத்தில் தேறிவிட்டு டேட்டா ஸ்ட்ரக்சர் படித்தவரும் இருக்கிறார், தேறாமலே படித்தவரும் இருக்கிறார். தன்னாட்சிக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் சில தாள்களை வெவ்வேறு பருவத்தில் வைத்திருக்கின்றன. யாரும் திட்டமிடாமலே நடந்து முடிந்த பெரிய சோதனை இது. அதன் முடிவு அலமாரியில் இருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எங்கே வழுக்கும் என்று காட்டக் கற்பனை எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1000 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவக் கணிதத்தில் 300 பேர் தோற்றார்கள், 700 பேர் தேறினார்கள். கணிதத்தில் தோற்ற 300 பேரில் 162 பேர் பிறகு டேட்டா ஸ்ட்ரக்சரிலும் தோற்றார்கள், நூற்றுக்கு 54. கணிதத்தில் தேறிய 700 பேரில் அங்கே தோற்றவர்கள் 158 பேர், நூற்றுக்கு 23-க்கும் குறைவு. இதைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் சொல்லும்: கணிதம்தான் வாசல், அதைப் பலப்படுத்து, டேட்டா ஸ்ட்ரக்சரை ஒரு பருவம் தள்ளி வை. குழுவும் கையெழுத்துப் போட்டுவிடும்.

இப்போது அதே 1000 பேரைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலவழியில் படித்தவர் என்று இரண்டாகப் பிரியுங்கள். தமிழ்வழி 400 பேர். அவர்களில் கணிதத்தில் தோற்ற 240 பேரில் 156 பேர் டேட்டா ஸ்ட்ரக்சரில் தோற்றார்கள். கணிதத்தில் தேறிய 160 பேரிலும் 104 பேர் தோற்றார்கள். இரண்டும் நூற்றுக்கு 65. ஆங்கிலவழி 600 பேர். கணிதத்தில் தோற்ற 60 பேரில் 6 பேர், தேறிய 540 பேரில் 54 பேர். இரண்டும் நூற்றுக்கு 10. கூட்டிப் பாருங்கள், 156-உம் 6-உம் 162, 104-உம் 54-உம் 158, மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் கணிதத்தில் தேறியதும் தேறாததும் எந்தக் குழுவிலும் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. இடறியது மொழியில். பாடத்தைத் தள்ளி வைத்திருந்தால் ஒரு பிள்ளைக்கும் நன்மை விளைந்திருக்காது. புத்தகத்தின் மொழிக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே முதல் பருவத்திலேயே ஒரு பாலம் கட்டியிருக்க வேண்டும்.

மொத்தத்தில் ஒன்று தெரிவதும் பிரித்தால் வேறொன்று தெரிவதும் புள்ளியியலில் பழைய செய்தி. அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டுச் சேர்க்கையை ஆராய்ந்து 1975-இல் வெளியான கட்டுரையில் இப்படித்தான் ஆயிற்று. மொத்தத்தில் பெண்களுக்கு எதிரான பாகுபாடுபோலத் தெரிந்தது, துறைவாரியாகப் பிரித்ததும் அந்தத் தோற்றம் பெரும்பாலும் மறைந்தது. கடும் போட்டியுள்ள துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

பயிற்றுமொழியை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். ராமசாமி, ஆர். பாஸ்கரன் இருவரும் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களின் பதிவுகளை அகழ்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேல்நிலைத் தேர்வு முடிவை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளாக அவர்களுக்கு வலுவாகக் கிடைத்தவற்றில் பயிற்றுமொழியும், பள்ளி இருக்கும் இடமும், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் உண்டு. நல்ல ஆய்வு. ஆனால் அதன் பின்னால் வந்த பெருங்கூட்டமான ஆய்வுகள், எந்த மாணவர் தோற்பார் என்று முன்கூட்டிச் சொல்வதோடு நின்றுவிட்டன. கல்வராயன் மலையிலிருந்து வருகிற, தமிழ்வழியில் படித்த, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை தோற்கக்கூடும் என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் எதற்கு? அந்தப் பிள்ளை தேறுவதற்குப் பாடத்திட்டம் எந்த இடத்தில் மாற வேண்டும் என்று சொல்லத்தான் கம்ப்யூட்டர் வேண்டும்.

மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகருக்கு அருகே ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் படிக்க ஆசையோடு வந்த மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முதலாண்டு நுண்கணிதத் தொடரைத் தாண்டினார்கள். மற்றவர்கள் பொறியியல் என்றால் என்னவென்றே பார்க்காமல் வெளியேறினார்கள். நேதன் கிளிங்பீல் என்ற பேராசிரியரும் அவர் துறையினரும் ஒரு கேள்வி கேட்டார்கள். இரண்டாம் ஆண்டுப் பொறியியல் பாடங்களுக்கு அந்த நுண்கணிதத்தில் எந்தெந்தப் பகுதி உண்மையில் தேவைப்படுகிறது? தேவையான பகுதிகளை மட்டும் திரட்டி, பொறியியல் ஆசிரியர்களே ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து நடத்தும் ஒரு முதலாண்டுப் பாடத்தை 2004-இல் தொடங்கினார்கள். அதில் தேறினால் பொறியியல் பாடங்களுக்குப் போகலாம், முழு நுண்கணிதத்தையும் பிறகு உரிய நேரத்தில் படிக்கலாம். கணிதத்தை அவர்கள் குறைக்கவில்லை, இடம் மாற்றினார்கள். பட்டம் பெறுவோர் விகிதம் உயர்ந்தது. பிற பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டன. நம் அலைடு கணிதத்தைப் பற்றி இந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்கிறோமா? முதலாண்டில் கணிதத் துறையார் வந்து நடத்திவிட்டுப் போகிறார்கள். அதில் எந்த அலகு எந்த முதன்மைப் பாடத்துக்கு எந்த வாரத்தில் தேவைப்படுகிறது என்று இரண்டு துறையாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவது அபூர்வம்.

வரிசையில் ஒரு பாடம் எவ்வளவு முக்கியம் என்று அளக்க, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஹைல்மன் குழுவினர் இரண்டு அளவுகளை வகுத்தார்கள். ஒரு பாடத்தில் தோற்றால் அதன் பின்னால் எத்தனை பாடங்கள் அடைபடும் என்பது ஒன்று. அந்தப் பாடம் எவ்வளவு நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாக இருக்கிறது என்பது மற்றொன்று. மூன்றாண்டுப் படிப்பில் ஐந்து கண்ணிச் சங்கிலி இருந்தால், ஆறு பருவத்தில் ஒரே ஒரு முறைதான் தவறலாம், அதற்கு மேல் நேரம் இல்லை. நமக்கு விதி அடைப்பதில்லை, அரியரோடு மேலே போகலாம். ஆனால் புரிதல் அடைபடுகிறது. அந்த அடைப்பை விதிப்புத்தகத்திலிருந்து கணக்கிட முடியாது, மதிப்பெண் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கணக்கிட்டால் ஒவ்வொரு துறையிலும் இரண்டு மூன்று தாள் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு. கெட்டிக்கார ஆசிரியரையும், கூடுதல் வகுப்பையும், உடனடி மறுதேர்வையும் அந்தத் தாள்களுக்குத்தான் முதலில் தர வேண்டும். எல்லாத் தாளுக்கும் சமமாகப் பங்கிட நம்மிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பதிவேடு சொல்லாமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலைப்பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டாம் பருவத்தோடு நின்றுபோனவருக்கு மூன்றாம் பருவ மதிப்பெண் கிடையாது. தொடரைத் தேடும் நிரல், தொடர் உள்ளவர்களைத்தான் காணும். கடினமான முதலாண்டு பாதிப் பேரை வெளியேற்றிவிட்டால், மிஞ்சியவர்கள் அடுத்தடுத்த பருவங்களில் நன்றாகவே எழுதுவார்கள், வரிசை சிறப்பாக இருப்பதுபோலத் தெரியும். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நிர்வாகத்துக்கு முழுதாக வந்ததே 1976-இல்தான். அங்கே பட்டப்படிப்பு இப்போதுதான் முதல் தலைமுறையைத் தொடுகிறது. 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்துக் கல்லூரியில் இருக்க வைக்கின்றன. இருக்க வந்த பிள்ளை முதல் பருவத்தின் பாட அடுக்கைப் பார்த்து மிரண்டு போய்விட்டால் அந்தப் பணம் வீண். ஆகவே நின்றுபோனவர்களின் பெயர்களைத்தான் அகழ்வின் முதல் வரியாக எடுக்க வேண்டும்.

பருவகாலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு என வரும் இரட்டைப் பருவங்கள் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் தேர்வில் முடிகின்றன. இங்கே கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களும் ஏறக்குறைய அவையே. மரவள்ளி பிடுங்கும் வேலையும் இருக்கும், வெளியூர் வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற வீடுகளும் இருக்கும். நம் பகுதி மாணவர்கள் இரட்டைப் பருவத் தாள்களில் அதிகம் தவறுகிறார்களா? தவறினால், சங்கிலியின் தலைக்கண்ணியான பாடத்தை அந்தப் பருவத்தில் வைப்பது தகுமா? சென்னையில் உட்கார்ந்து வகுக்கும் அட்டவணைக்கு இந்தக் கேள்வி தோன்றாது. இங்கேயிருந்துதான் எழ வேண்டும்.

பதிவுகளுக்கும் நோய் உண்டு. 2020-இல் கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியர் தாள்களில் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும், அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டுகளின் எண்களை மற்ற ஆண்டுகளோடு கலந்தால் எந்த அகழ்வும் கோணிப் போகும். தனியே எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இங்குள்ள கல்லூரிகள் முன்பு வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன, 2021-இன் மாற்றங்களுக்குப் பின் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. ஆகவே ஒரே கல்லூரியின் பழைய பதிவு ஓரிடத்தில், புதிய பதிவு இன்னோரிடத்தில். தாள்களின் பெயரும் குறியீடும் மாறியிருக்கும். இரண்டையும் பொருத்தித் தைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. நிரல் ஓடுவது கடைசியில் சில நிமிடம்.

எண் எடுக்கும்போது பெயரும் பதிவெண்ணும் நீக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வகுப்பில் மலையிலிருந்து வந்தவர் ஒருவர்தான் என்றால், பெயரை நீக்கினாலும் அவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட சிறு குழுக்களைப் பல கல்லூரிகளிலிருந்து சேர்த்துப் பெரிதாக்கிய பின்பே கணக்கில் காட்ட வேண்டும். கிடைக்கும் முடிவை எந்தக் கல்லூரியும் சேர்க்கையில் ஆளை ஒதுக்கப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால், ஒதுக்கப்பட்டவர்கள் அந்தப் பதிவேட்டில் மறுபடி இல்லாமல் போவார்கள், அடுத்த அகழ்வு இன்னும் பொய் சொல்லும்.

வரிசையை வெளிப்படையாக வைத்து நடத்தும் படிப்பு ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு அது. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதி உள்ளே வரலாம். அடிப்படை நிலை, டிப்ளமோ நிலை, பட்ட நிலை என்று படி அமைத்திருக்கிறார்கள். அடிப்படை நிலையின் எட்டுப் பாடத்தையும் முடிக்காமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம் என்று மாணவர் முன்கூட்டியே பார்க்கலாம், ஒரு பருவத்தில் இரண்டு பாடமோ மூன்று பாடமோ தம் வேகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் அரசுக் கல்லூரியில் அதே கட்டமைப்பைக் கொண்டுவர ஆளும் கட்டடமும் போதாது. ஆனால் எது எதற்கு முன்பாடம் என்று ஒரு படம் வரைந்து முதல் நாளே மாணவர் கையில் கொடுக்க ஒரு தாள் போதும். கணிதத்தின் மூன்றாம் அலகு தவறினால் எதெது இடிக்கும் என்று அவர் அன்றே அறிந்திருப்பார்.

இந்த அகழ்வைத் தொடங்க வேண்டிய இடம் பாடத்திட்டக் குழு. துறைத்தலைவர், மூத்த ஆசிரியர்கள், வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள், தொழில்துறை சார்பில் ஒருவர் என்று அதில் உட்காருகிறார்கள். கூட்டம் பெரும்பாலும் ஒரு நாள், சில நேரம் அரை நாள். போன முறைப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலகுகளைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அந்த மேசைமேல், தாள்வாரியாக எத்தனை பேர் எத்தனையாவது முயற்சியில் தேறினார்கள், எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாளில் தவறினார்கள், எந்தப் பருவத்தோடு எத்தனை பேர் நின்றார்கள் என்ற மூன்று பக்க அறிக்கை இருக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அதைத் தயாரிக்க விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கல்லூரியின் கணினி அறிவியல் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் புராஜெக்ட் ஆகவே இதைச் செய்யலாம். வெளியூர்க் கடையில் காசு கொடுத்து வாங்கும் புராஜெக்டைவிட அவர்களுக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.

இரண்டாவது கோரிக்கை, அறிக்கையில் துருத்தித் தெரியும் இடங்களைப் பற்றி, அங்கே தவறிய மாணவர்களையே அழைத்துக் கேட்க வேண்டும். எண் எங்கே என்று சொல்லும், ஏன் என்று அவர்கள்தான் சொல்வார்கள். புத்தகம் கிடைக்கவில்லையா, ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததா, காலை பஸ் தவறி முதல் வகுப்பு போயிற்றா, வீட்டில் யாருக்கேனும் நோயா? பஸ் தவறியதால் போன முதல் மணிநேர வகுப்புக்குப் பாடத்தைப் பருவம் மாற்றி என்ன பயன்? கால அட்டவணையில் அந்தப் பாடத்தைப் பதினோரு மணிக்குத் தள்ளினால் போதும்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் நெறிமுறை, சிறந்த மதிப்பெண் பெற்ற முதுநிலைப் பட்டதாரியை அந்த இடத்துக்கு முதல்வர் நியமிக்கலாம் என்கிறது. நியமிக்கட்டும். அவர் எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேறியவராக இருப்பார், வரிசை எங்கே ஒடிந்திருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, ஐந்தாறு அரியர் வைத்திருந்து ஒவ்வொன்றாக எழுதித் தேறிப் பட்டம் வாங்கிய ஒருவரையும் சிறப்பு அழைப்பாளராக உட்கார வையுங்கள். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. அடுத்த கல்வியாண்டுக்கான குழுக் கூட்டத்திலேயே செய்யலாம். இந்தக் கூட்டத்தில் இருக்கும் கல்லூரி ஆசிரியர்கள் அதற்கு இன்றே ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.